புரோபயாடிக் போட்டும் குட்டை தேறவில்லையா? அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் வழி

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி விடிகாலை நாலரை மணிக்குக் கூப்பிட்டார். “அண்ணா, நேற்று மாலை புரோபயாடிக் போட்டேன். இப்போது இறால் எல்லாம் கரையோரம் வந்து மேலே சுற்றுகிறது. சரக்கு கெட்டதாக இருக்குமோ?” சரக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் போட்டது உயிருள்ள பொருள், நல்ல பாக்டீரியாக்கள். உயிருள்ளவை எல்லாம் மூச்சு விடும். இறால் காற்றுக்குத் தவிக்கும் இரவு நேரத்தில், அதே காற்றுக்கு இன்னும் கோடிக்கணக்கான பங்காளிகளை இறக்கிவிட்டிருந்தார்.

வனாமி இறால் வளர்க்கும் பலர் புரோபயாடிக்கை மருந்து போலவே கையாளுகிறார்கள். நோய் வந்தால் ஒரு பாக்கெட், நீர் கெட்டால் இரண்டு பாக்கெட். உண்மையில் அது விதைப்பதைப் போன்ற வேலை. ஒரு கணக்குப் போட்டால் இது விளங்கும். ஒரு ஏக்கர் குட்டையில் நாலடி நீர் நின்றால் ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். ஒரு கிராமுக்கு 100 கோடி உயிர்கள் என்று அட்டையில் போட்ட பொடியை ஒரு கிலோ தூவுகிறீர்கள். பகுத்துப் பார்த்தால் ஒரு மில்லி நீருக்கு 200 நுண்ணுயிர்தான் வருகிறது. அந்த ஒரு மில்லியில் ஏற்கெனவே லட்சக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஆகவே நீங்கள் போட்ட 200, முளைத்துப் பெருகினால்தான் பலன். பெருகக் காற்று வேண்டும், உணவு வேண்டும், காரத்தன்மை வேண்டும், நாள் வேண்டும். கீழே வரும் எல்லாப் பிழைகளும் இந்த நான்கில் ஒன்றை மறந்ததாலோ, புரோபயாடிக்கால் முடியாத வேலையை அதனிடம் கொடுத்ததாலோ வருபவை.

அறிகுறிகளைப் படிக்கும் முன் நான்கு செய்திகள் கையில் இருக்க வேண்டும். விடிகாலை நான்கு மணிக்குக் கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு (லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது). காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் பிஎச், அதாவது நீரின் அமில-கார அளவு, எவ்வளவு (7.5 முதல் 8.5க்குள் நிற்க வேண்டும், இரண்டுக்கும் இடையே 0.5க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது). மொத்தக் காரத்தன்மை, அதாவது பிஎச் சட்டென மாறாமல் தாங்கும் திறன், 120 பி.பி.எம்.முக்கு (லிட்டருக்கு 120 மில்லிகிராம்) மேல் இருக்கிறதா. செக் ட்ரேயில் (தீவனம் வைத்துச் சோதிக்கும் தட்டு) இரண்டு மணி நேரம் கழித்துத் தீவனம் மிச்சம் இருக்கிறதா, எடுத்துப் பார்த்த இறாலின் ஈரலும் குடலும் எப்படி இருக்கின்றன. இந்த நான்கும் தெரியாமல் கேட்டால் யாரும் சரியான பதில் சொல்ல முடியாது.

போட்ட இரவோ மறுநாள் விடியலிலோ இறால் மேலே வந்து சுற்றுகிறது

இது ஆக்சிஜன் சரிவு. புரோபயாடிக்கில் உள்ள பேசிலஸ் வகை பாக்டீரியாக்கள் கழிவைத் தின்னும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கும். கூடவே வெல்லமோ கழிவுப்பாகோ (சர்க்கரை ஆலையின் மொலாசஸ்) கொட்டியிருந்தால், அதைத் தின்னக் குட்டையில் உள்ள எல்லா பாக்டீரியாவும் ஒன்றாக எழும். பகலில் பாசி ஆக்சிஜன் தருவதால் தெரியாது. இரவில் பாசி ஆக்சிஜன் தராது, மூச்சு மட்டும் விடும். பகலவன் எழும் முன்பு அளவு அடிமட்டத்துக்குப் போய்விடும்.

உடனே எல்லா ஏரேட்டரையும் (நீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) ஓட்டுங்கள். காலைத் தீவனத்தை நிறுத்துங்கள். ஆக்சிஜன் மாத்திரை இருப்பில் இருந்தால் இறால் கூடியிருக்கும் இடத்தில் போடுங்கள். அன்று வேறு எந்தப் பொருளும், கிருமிநாசினி உட்பட, போடாதீர்கள். பதற்றத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டியதால் செத்த குட்டைகள், ஆக்சிஜன் இல்லாமல் செத்தவற்றைவிட அதிகம் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த முறைக்கு: காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் ஏறி ஆக்சிஜன் கூடும் நேரத்தில், ஏரேட்டர் ஓடும்போது போடுங்கள். மேகமூட்டமான நாளில் வேண்டாம். இறால் மொத்தமாக ஓடு கழற்றும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளிலும் வேண்டாம். அந்த நேரத்தில் இறாலுக்கே ஆக்சிஜன் தேவை கூடும். ஒரு குதிரைத்திறன் ஏரேட்டர் ஏறத்தாழ 400 முதல் 500 கிலோ இறாலைத் தாங்கும். உங்கள் குட்டையில் இறால் எடை அந்த எல்லையை நெருங்கிவிட்டது என்றால், புரோபயாடிக் அளவைக் கூட்டுவதற்கு முன் ஏரேட்டரைக் கூட்டுங்கள்.

வாரக்கணக்கில் போட்டும் அம்மோனியா இறங்கவில்லை

இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வரவைப் பாருங்கள். 35 சதவீதப் புரதம் உள்ள தீவனம் நாளுக்கு 100 கிலோ போட்டால், அதில் ஏறத்தாழ ஐந்தரை கிலோ நைட்ரஜன் இருக்கிறது. இறாலின் உடலில் சேருவது அதில் நாலில் ஒரு பங்கு அளவுதான். மீதி நான்கு கிலோ சொச்சம் ஒவ்வொரு நாளும் குட்டைக்குள் வந்து விழுகிறது. தீவனம் மிச்சமானால் இன்னும் கூடும். வரவு இப்படி இருக்கும்போது செலவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கணக்கு நேராகாது. அம்மோனியா ஏறினால் முதல் வேலை, தீவனத்தை மூன்று நாளுக்கு 30 சதவீதமாவது குறைப்பது.

இரண்டாவது, எந்த உயிர் எந்த வேலையைச் செய்யும் என்பது. பேசிலஸ் கழிவுப் புரதத்தைச் சிதைக்கும். சிதைக்கும்போது அம்மோனியா வெளியேறவும் செய்யும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் போன்ற வேறு கூட்டம். அவை பேசிலஸ் போல வித்தாக (தடித்த உறைக்குள் உறங்கும் வடிவம்) மாறி உறங்காது. எனவே உலர்ந்த பொடிப் பாக்கெட்டில் நைட்ரோசோமோனாஸ் இருப்பதாக எழுதியிருந்தால் அதை நம்பி வாங்க நான் தயங்குவேன். திரவமாக வருபவற்றிலும் வாங்கிய நாள், வைத்திருந்த வெப்பம் இரண்டையும் கேளுங்கள். இவை மெதுவாக வளர்பவை. ஒன்று இரண்டாக ஒரு நாள்கூட ஆகலாம். இன்று போட்டு நாளை அளந்தால் ஒன்றும் தெரியாது.

மூன்றாவது, காரத்தன்மை. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏழு மில்லிகிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகும். 80 பி.பி.எம். காரத்தன்மை உள்ள குட்டையில் இந்த வேலை பாதியில் நின்றுவிடும். டோலமைட் சுண்ணாம்போ சமையல் சோடாவோ சேர்த்துக் காரத்தன்மையைத் தூக்கிவிட்டுப் பிறகு நுண்ணுயிரைப் போடுங்கள்.

வெல்லம் சேர்த்து அம்மோனியாவைக் கட்டும் வழியும் உண்டு. பாக்டீரியா பெருகும்போது அம்மோனியாவைத் தன் உடலுக்குள் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 15 முதல் 20 பங்கு வெல்லமோ கழிவுப்பாகோ வேண்டும். மேலே சொன்ன ஒரு ஏக்கர் குட்டையில் 1 பி.பி.எம். அம்மோனியாவைக் கட்ட 75 முதல் 100 கிலோ வரை ஆகிறது. அதை ஒரே நாளில் கொட்டினால் முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போய்விடுவீர்கள். ஐந்து நாளாகப் பிரித்துப் போடுங்கள். இரண்டு கிலோ வெல்லம் கரைத்து ஊற்றிவிட்டு “அம்மோனியா குறையவில்லை” என்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன்.

பிஎச்சையும் மறக்க வேண்டாம். 30 டிகிரி வெப்பத்தில், பிஎச் 8 என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சாக இருப்பது ஏறத்தாழ 7 சதவீதம். பிஎச் 9 ஆனால் அது 40 சதவீதத்தைத் தாண்டும். பல நேரம் மொத்த அம்மோனியாவைத் துரத்துவதைவிடப் பிற்பகல் பிஎச்சை அடக்குவது இறாலை முதலில் காப்பாற்றும்.

அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறினால் பயப்பட வேண்டாம், மாற்றம் பாதி வழியில் இருக்கிறது என்று பொருள். ஆனால் உப்புத்தன்மை குறைந்த ஆழ்துளைக் கிணற்று நீர்க் குட்டைகளில் நைட்ரைட் கடுமையாகத் தாக்கும். நீரில் உள்ள குளோரைடுதான் அதைத் தடுக்கும் அரண்.

காற்று ஒதுங்கும் மூலையில் வெள்ளை நூல் நூலாகக் கழிவு மிதக்கிறது

வெண்கழிவு நோய். இதற்குப் புரோபயாடிக் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். நான் முதலில் சொல்வது, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். பரிசோதனை. இ.எச்.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் நுண்ணொட்டுண்ணி ஈரலின் உயிரணுக்களுக்குள் புகுந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். அது இருந்தால் எந்தப் புரோபயாடிக்கும் அதைக் கொல்லாது. உயிரணுவுக்குள் இருக்கும் வித்தைக் குடலில் வாழும் பாக்டீரியா எப்படித் தொடும்? அந்த உண்மையைச் சொல்லாமல் விற்பவர்களால், அறுவடை செய்திருக்க வேண்டிய குட்டைகளை இன்னும் 20 நாள் தீவனம் போட்டு வளர்த்து நட்டப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் பயனே இல்லையா? இருக்கிறது. வெண்கழிவு பெரும்பாலும் தனியாக வருவதில்லை, விப்ரியோ என்ற நோய் பாக்டீரியா கூடவே வரும். விப்ரியோவை வளர்த்து எண்ணும் டி.சி.பி.எஸ். தட்டில் நீரையும் ஈரலையும் பூசிப் பாருங்கள். நீரில் மில்லிக்கு 1000க்கு மேல் விப்ரியோ, அதிலும் பச்சைக் கூட்டங்கள் கூடினால், எச்சரிக்கை மணி அது. குடலில் நல்ல பாக்டீரியா இடம் பிடித்திருந்தால் விப்ரியோவுக்கு இடம் குறையும். அந்த அளவுக்கு உதவி கிடைக்கும்.

செய்ய வேண்டிய வரிசை இது: தீவனத்தைப் பாதியாக்குங்கள், கடுமையாக இருந்தால் இரண்டு நாள் முழுவதும் நிறுத்துங்கள். மிதக்கும் கழிவை வலையால் அள்ளிக் கரைக்கு வெளியே புதையுங்கள், ஏனென்றால் இறால் அதை மீண்டும் தின்னும். நடு மேட்டில் சேர்ந்த சேற்றை வெளியேற்றுங்கள். பிறகு குடல் புரோபயாடிக் கலந்த தீவனத்தைக் குறைந்த அளவில் தொடங்குங்கள். ஒரு வாரத்தில் செக் ட்ரே காலியாகாமல், இறால் அளவில் பெரிதும் சிறிதுமாகப் பிரிந்துகொண்டே போனால், விற்கும் அளவு வந்தவுடன் அறுவடைதான்.

தீவனத்தில் கலப்பதிலும் பிழை நடக்கிறது. கிலோவுக்கு 5 முதல் 10 கிராம் என்பது பொதுவான அளவு. பொடியை ஆறிய நீரிலோ ஒட்டுப்பசையிலோ கரைத்துத் தீவனத்தின்மேல் தெளித்துப் பிசிறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்த வேண்டும். கொதிக்கும் கஞ்சியில் கலக்கிய ஒருவரைப் பார்த்தேன். பேசிலஸ் வித்து ஓரளவு தாங்கும். லாக்டோபேசிலஸும் ஈஸ்டும் அங்கேயே செத்துவிடும். வெயிலில் காய வைப்பதும் கூடாது. குஞ்சு விட்ட முதல் வாரத்திலிருந்தே ஒரு வேளைத் தீவனத்தில் கலந்து வருபவர்களுக்குத்தான் பலன் தெரிகிறது. நோய் வந்த பின் தொடங்குபவர்களுக்குத் தெரிவது குறைவு.

ஆன்டிபயாடிக் கொடுக்கும் எண்ணம் வந்தால் கைவிடுங்கள். குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் எல்லாம் இங்கே தடை செய்யப்பட்டவை. ஏற்றுமதிச் சரக்கில் எச்சம் தெரிந்தால் மொத்தக் கொள்கலனும் திரும்பிவரும். அதோடு நீங்கள் போட்ட நல்ல உயிரையும் அதுவே அழிக்கும்.

இ.எச்.பி. உறுதியான குட்டையில் அடுத்த சுற்றுக்கு முன் தரையை நன்றாகக் காயவிட்டு, உழுது, சுட்ட சுண்ணாம்பு ஹெக்டேருக்கு 6 டன் வரை போட்டு, நீர் தெளித்து, மண்ணின் பிஎச் 12 வரை ஏற வேண்டும். வித்துகள் அதற்குக் குறைந்த சிகிச்சைக்கு அசைந்துகொடுக்காது. பிறகு மண் பிஎச் இறங்கிய பின்தான் புரோபயாடிக்.

அடிச்சேறு கறுத்து, அழுகிய முட்டை வாடை வருகிறது

ஹைட்ரஜன் சல்பைடு. அம்மோனியாவுக்கு நேர்மாறாக, பிஎச் குறையக் குறைய இதன் நஞ்சு கூடும். ஆகவே மழைக்குப் பின் பிஎச் இறங்கிய குட்டையில் இது பேராபத்து. மண் புரோபயாடிக்கை உலர்ந்த மணலிலோ ஜியோலைட் என்ற கனிமப் பொடியிலோ கலந்து, சேறு கூடும் இடத்தில் மட்டும் தூவுங்கள். முழுக் குட்டைக்கும் பரப்பினால் அடியில் போய்ச் சேருவது கொஞ்சமே. ஆனால் அடியில் ஆக்சிஜன் இல்லாமல் பெரும்பாலான நல்ல பாக்டீரியாக்கள் சரியாக வேலை செய்யாது. ஏரேட்டரின் திசையை மாற்றிப் பாருங்கள். நீரோட்டம் சுற்றி வந்து சேற்றை நடுவில் குவித்தால் அதை இறைத்து வெளியேற்றலாம். கறுத்த சேற்றைச் சங்கிலி போட்டுக் கலக்காதீர்கள். அடைபட்டிருந்த நஞ்சு ஒரேயடியாக எழுந்துவிடும்.

ஐப்பசி மழைக்குப் பின் பாசி செத்து நீர் பழுப்பாகிவிட்டது

மழை நீர் மேலே, உப்பு நீர் கீழே என்று இரண்டு அடுக்காக நிற்கும். முதலில் மதகின் மேற்பலகையை எடுத்து மேல் நீரை வெளியேற்றுங்கள். ஏரேட்டரை நிறுத்தாதீர்கள். காரத்தன்மை பார்த்து டோலமைட் போடுங்கள். செத்த பாசி அழுகி ஆக்சிஜனைத் தின்னும் முதல் இரண்டு நாளில் வெல்லமோ புரோபயாடிக்கோ வேண்டாம். மூன்றாம் நாள் காலை, பாதி அளவில் தொடங்குங்கள்.

இரவில் நீர் ஒளிர்கிறது

கையால் கலக்கினால் மட்டும் பொறி பறப்பது போல மின்னினால் அது மிதவை உயிரிகளின் ஒளியாக இருக்கலாம். இறாலே இருட்டில் தொடர்ந்து பச்சையாக ஒளிர்ந்தால் அது ஒளிரும் விப்ரியோ. அயோடினோ பென்சால்கோனியமோ போட்டால் ஒளி மறையும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிருமிநாசினி எல்லாவற்றையும் கொன்று நிலத்தைக் காலியாக்கிவிடும். காலி நிலத்தில் முதலில் குடியேறுவது வேகமாகப் பெருகும் விப்ரியோதான். சாதகமான சூழலில் அது அரை மணிக்குள் இரட்டிப்பாகிவிடும். கிருமிநாசினி போட்டே ஆக வேண்டும் என்றால், 48 மணி நேரம் கழித்து அதன் வீரியம் போனதும் வழக்கத்தைவிட இரு மடங்கு புரோபயாடிக்கை அடுத்தடுத்த நாட்களில் பிரித்துப் போடுங்கள். குளோரின் போட்ட நீர் என்றால் எச்சம் அற்றுப்போனதைச் சோதித்துவிட்டுத்தான்.

ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள்

மதகை மூடுங்கள். பி.சி.ஆர். எடுங்கள். வெண்புள்ளி வைரஸ் என்று உறுதியானால் புரோபயாடிக் பாக்கெட்டைத் தொட வேண்டாம். நீரை வாய்க்காலில் விடாமல் அறுவடை செய்து, மீந்த நீருக்குக் குளோரின் போட்டு, அக்கம்பக்கத்துக் குட்டைக்காரர்களுக்கு அன்றே சொல்லுங்கள். ஒரே வாய்க்காலில் நீர் எடுத்து அதிலேயே விடும் ஊர்களில் இது அண்டை வீட்டுக்குச் செய்யும் கடமை. புள்ளி இருந்தும் பி.சி.ஆரில் வைரஸ் இல்லை என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். காரத்தன்மை மிகுந்த நீரிலும் புள்ளி வரும். மலேசியாவில் வரி இறாலில் பாக்டீரியாவால் வந்த வெண்புள்ளியை 2000இல் பதிவு செய்தவர்கள், அதோடு பேசிலஸ் சப்டிலிஸைத் தொடர்புபடுத்தினார்கள். நல்ல உயிரையும் அளவில்லாமல் கொட்டக் கூடாது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதுவுமே நடக்கவில்லை, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை

சரக்கைச் சோதிக்கும் நேரம் இது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு எண் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பதிவு, சரக்கில் ஆன்டிபயாடிக் இல்லை என்பதற்கானது. உள்ளே எத்தனை உயிர் இருக்கிறது என்பதற்கான சான்றாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணிக்கை தெரிய ஆய்வகத்தில் தட்டில் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். கரைத்த பொடியை 80 டிகிரியில் பத்து நிமிடம் வைத்துப் பிறகு வளர்க்கச் சொல்லுங்கள். வித்தாக இருந்த பேசிலஸ் மட்டும் தப்பி வரும். அந்த எண்ணிக்கை அட்டையில் உள்ளதற்குப் பல மடங்கு கீழே இருந்தால் காரணம் விளங்கிவிடும்.

சரக்கு சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் உங்கள் டிரம். பேசிலஸைப் பெருக்க 24 மணி நேரம் வெல்லத்தில் ஊறவைக்கிறோம். பலர் டிரம்மை இறுக மூடிவிடுகிறார்கள். மூடி வைப்பது லாக்டோபேசிலஸுக்கும் ஈஸ்டுக்கும் சரி. பேசிலஸுக்குக் காற்றுக்கல் போட்டுக் குமிழ் விட வேண்டும். இன்னொரு பிழையை நானே பல மாதம் செய்திருக்கிறேன்: குட்டை நீரை அப்படியே எடுத்து வெல்லம் கரைப்பது. ஒருநாள் டிரம் நீரை டி.சி.பி.எஸ். தட்டில் பூசிப் பார்த்தபோது தட்டு முழுக்க மஞ்சள் விப்ரியோ கூட்டங்கள். வெல்லத்தின் சர்க்கரையை விப்ரியோவும் விரும்பித் தின்னும். நான் என் கையாலேயே விப்ரியோவை வளர்த்து வாரம் இருமுறை குட்டைக்கு ஊற்றியிருக்கிறேன். அன்றிலிருந்து கொதிக்கவைத்து ஆறிய நீர், கழுவிக் காயவைத்த டிரம், ஒவ்வொரு முறையும் புதிய பொடி. பழைய கரைசலில் கொஞ்சம் மிச்சம் வைத்து அடுத்த முறைக்கு உறையூற்றுவது போலச் செய்வதை விட்டுவிட்டேன். புளித்த இனிய மணம் வந்தால் ஊற்றுவேன். அழுகல் வாடை வந்தால் கரைக்கு வெளியே குழி வெட்டிக் கொட்டிவிடுவேன்.

ஆய்வகத்துக்குச் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தையோ, நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தையோ அணுகிக் கேட்கலாம். மாதிரி கொண்டு போகும்போது பாக்கெட், டிரம் கரைசல், குட்டை நீர், உயிருள்ள இறால் நான்கையும் தனித்தனியாக எடுத்துப் போங்கள். நீரையும் கரைசலையும் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள், ஆனால் பனிக்கட்டி நேரடியாகப் படக் கூடாது. இறாலைக் காற்றடைத்த பையில் அதே குட்டை நீரோடு கொண்டு செல்லுங்கள். கடைசியாகப் போட்ட பொருள் எது, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்பதைப் பையின்மேல் எழுதிவிடுங்கள்.